அனுப்பி வைக்காத பாட்டு

மைக்கின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கும்போதே, லேப்டாப் திரையில் நான்காவது டிராக்கின் பச்சை அளவுக்கோடு மெல்ல ஏறியது. கொஞ்சம் நின்றது. இறங்கியது. தூங்குகிற ஒருவரின் நெஞ்சு போல.

ராஜாராம் பயப்படவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு வாரமாக இதே பாடு. மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற அந்தச் சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டி, வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஒருநாள் வண்டு போல இரையும், ஒருநாள் தொண்டை அடைத்தது போல ஊமையாகிவிடும். மிக்ஸிங் சாஃப்ட்வேர் பாதிப் பாட்டில் உறைந்து நிற்கும். எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியன் சொன்னதைக் கேட்டு, கொல்லையில் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டிக் கம்பி புதைத்தாயிற்று. இரைச்சல் நின்றபாடில்லை.

இன்றைக்கு அமாவாசை. இன்று விட்டால் இன்னும் ஒரு மாதம் போய்விடும். உத்திரமேரூரில் அவர்கள் தெருமுனையில் இருந்த அரிசி மில் அமாவாசைக்கு மட்டும்தான் ஓடாது. மற்ற நாளெல்லாம் அதன் உறுமல் சுவர் வழியாக மைக்குக்குள் இறங்கிவிடும். அதனால் அவனுடைய பாட்டெல்லாம் அமாவாசை மத்தியானத்தில்தான் பதிவாகும். நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய இலவம்பஞ்சு மெத்தையும் அடித்திருந்தான். கதவுக்கும் ஒரு மெத்தை. மழையில் ஊதிப்போன அந்தக் கதவு உள்ளிருந்து இழுத்தால் பொருந்தாது, வெளியிலிருந்து அழுத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். முடிந்ததும் அவன் உள்ளேயிருந்து ஓங்கித் தட்டுவான், மனைவி சசிரேகா வந்து திறப்பாள். போனை உள்ளே கொண்டுபோனால் பதிவில் சத்தம் விழும் என்று அதை அவளிடமே கொடுத்துவிடுவான்.

"சீக்கிரம் முடிச்சிக்கினு வாங்க. சாம்பார் ஆறிப்போனா கீர்த்தி அப்பாக்குத் தொண்டைல எறங்காது," என்று கேலியாகச் சொல்லித்தான் இன்றும் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தொண்டைக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவில் அவன் பாடியதைக் கேட்டு, ஓரிக்கையிலிருந்து உறவு பார்க்க வந்தவள், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டாள். மகள் கீர்த்திக்கு நாலு வயதாகிறது. இன்றும் அப்பா பாடினால்தான் தூங்கும்.

நான்காவது டிராக்கை அவன் அழித்தான். மைக்கை மறுபடி செருகினான்.

அறையில் ஏதோ வாடை. எலி செத்ததா என்று முகர்ந்தான். இல்லை, ஏரிச் சேறு. தண்ணீர் வற்றும் காலத்தில் மதகடியில் அடிக்கிற, பாசியும் நத்தையும் கலந்த வாடை.

அங்கம்மாள் வந்து உட்கார்ந்த அன்றும் இதே வாடை வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து அவன் வயலுக்கு நடவுக்கு வருகிறவள். அவள் பாடிய கன்னிமார் பாட்டைக் கேட்டு, பதிவுக்குப் பாடித் தருகிறாயா என்று கெஞ்சிக் கூட்டிவந்தவன் அவன்தான். முன்பாதி, ஏழு கன்னிமாரையும் தண்ணீரிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது. பின்பாதி, வந்தவர்களைத் திரும்பத் தண்ணீருக்கே அனுப்பி வைப்பது. எடுத்த பாட்டைப் பாதியில் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இரண்டையும் ஒரே மூச்சாக அவள் பாடி முடித்தாள்.

பாட்டை வெளியிடுகிற சென்னைக் கம்பெனிக்காரர்கள் மூன்று நிமிடம் போதும் என்றார்கள். அனுப்பி வைக்கிற பாதியை ராஜாராம் வெட்டி எறிந்தான். கூப்பிடுகிற நான்கு வரியை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி ஒட்டினான். அவள் குரல் கரடுமுரடாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டுத் தன் குரலை வைத்தான். பாடல், இசை, குரல் எல்லாம் ராஜாராம். ஊரெல்லாம் டிராக்டரிலும் டீக்கடையிலும் அது ஓடிற்று.

மூன்று முறை அவள் வாசலுக்கு வந்தாள். பேர் போடச் சொல்லிக்கூட வரவில்லை. "கூப்ட்டுக்கினே கீறியே நைனா. வந்தவங்கோ எங்க போவாங்கோ? அனுப்பற பாட்டயும் போட்டுடு," என்றாள். மூன்றாம் முறை குரல் கம்மியிருந்தது. அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே, வீட்டில் இல்லை என்று சசிரேகாவை விட்டுச் சொல்ல வைத்தான். அப்புறம் அவளுக்குப் பேச்சே நின்றுபோனதாகச் சொன்னார்கள். இருபது நாளைக்கு முன் செத்துப்போனாள்.

காரியம் முடிந்ததும் அவள் மகள் புஷ்பா வந்து, அம்மாவின் குரலையாவது கொடுங்கள் என்று கேட்டாள். அழித்துவிட்டேன் என்றான். பொய்யில்லை. அழித்துத்தான் இருந்தான், இடம் அடைக்கிறது என்று.

புஷ்பா அழவில்லை. அவன் கழுத்தையே பார்த்தாள். "எங்கம்மா வந்து கேட்டுக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராஜாராம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடங்கினான். புதுப் பாட்டு. முதல் வரி பாடியதும் அவன் குரல் காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. இது வழக்கமான தொல்லை. கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது. அமைப்பை மாற்றினான். இப்போது தாமதம் கூடியது. பாடி வாயை மூடிய பிறகு, ஒரு மூச்சு கழித்து, தன் குரல் தனியாக வந்து காதில் பாடுவதைக் கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு அமைப்பை எதிர்ப்பக்கம் திருப்பினான்.

தாமதம் போயிற்று. நிம்மதியாக மூச்சை இழுத்தான். வாயைத் திறக்கவில்லை.

ஹெட்போனில் அவன் குரல் பாடியது.

முதல் வரி. சுத்தமாக. இந்த முறை அவன் இன்னும் பாடவே தொடங்காத வரி.

இரண்டாவது வரியை அவன் பாட முயன்றான். உதடு அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. திரையில் அவனுடைய டிராக், இழுத்துக் கட்டிய கயிறு போல நேராகக் கிடந்தது. ஒரு மேடு இல்லை. ஒரு பள்ளம் இல்லை. அதற்குக் கீழே, அழித்த இடத்தில், நான்காவது டிராக் நிரம்பிக்கொண்டே வந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். ஒயரைப் பிடுங்கினான். பெட்டியின் பச்சை விளக்கு அணையவில்லை. மூலையில் இருந்த இரண்டு ஸ்பீக்கரும் கரகரத்தன. நீளமாக ஒரு மூச்சு. வயசான பெண்ணின் மூச்சு. அப்புறம் கூப்பிடுகிற நான்கு வரி, அவன் குரலில், அவன் ஒட்டிய இடத்தில் ஒட்டிய மாதிரியே திரும்பி, திரும்பி.

சசி என்று கத்தினான். காற்றுகூட வரவில்லை.

கதவை நோக்கி ஓடினான். இரண்டு கையாலும் தட்டினான். வெளியே சின்னக் காலடி. தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது. பாட்டு சட்டென்று நின்றது.

"அப்பா," என்றது கீர்த்தி. "அம்மா சோறு துன்ன கூப்புடுது."

அவனுக்குப் பின்னால் ஸ்பீக்கர் சிரித்தது. அவனுடைய சிரிப்பு. மகளுக்கு மட்டும் வைத்திருக்கிற சிரிப்பு.

"இன்னும் முடியலடா கண்ணு. தாப்பாளப் போட்டுட்டுப் போ. அப்பா மோளம் பதியப் போறேன், தட்டற சத்தம் கேட்டுக்கினே இருக்கும். தொறக்கக் கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லிடு, சரியா?"

"சரிப்பா."

தாழ்ப்பாள் விழுந்தது. காலடி ஓடிப் போயிற்று.

தட்டினான். முஷ்டி தோல் உரியத் தட்டினான். தூரத்தில் சசிரேகா எதற்கோ சிரிப்பது கேட்டது. தட்டு வைக்கிற சத்தம்.

பாட்டு மறுபடி தொடங்கியது. முதல் பேர். இரண்டாவது பேர். சேற்று வாடை மூக்கை அடைத்தது. முட்டை அட்டைகள் ஊறி, ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து வழுக்கி விழுந்தன. மூன்றாவது. நான்காவது.

அனுப்பி வைக்கிற வரி அவனுக்கு நினைவில்லை. நினைவிருந்தாலும் பாட ஏது குரல்.

ஐந்து. ஆறு.

திரும்பாமல் கதவு மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஏழாவது பேரும் முடிந்தது. பாட்டு முதல் பேருக்குத் திரும்பவில்லை.

காத்துக்கொண்டு நின்றது.

அவன் முகத்துக்கு இரு பக்கமும், உலர்ந்த மெத்தையின் மேல், ஈரக் கைகள் ஒவ்வொன்றாக வந்து ஊன்றின. பதினான்கு.