நாற்பது அடிப் பிணமும் நசுங்கிய எலுமிச்சம்பழமும்

போன் அலறியது!

ஏட்டு பாண்டுரங்கன் அப்போதுதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். சட்னியில் விரல் படுவதற்குள் அடித்த அந்த ஸ்டேஷன் போனை ஜென்மப் பகையாளியைப் பார்ப்பதுபோல் முறைத்துவிட்டு எடுத்தார்.

"போலீஸ் ஸ்டேஷனுங்களா?" மறுமுனையில் ஓர் இளைஞனின் குரல் நடுங்கியது. "சிங்கவரம் ரோட்டுல... காலி நெலத்துல... ஒரு பொணம் கெடக்குதுங்க!"

இட்லி கையிலேயே நின்றது.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளைங்க. பெரிய மீசை. கண்ணு ரெண்டும் தொறந்தே இருக்குதுங்க!"

"எவ்ளோ ஒசரம் இருப்பான்?"

"நாப்பது அடி இருப்பானுங்க!"

பாண்டுரங்கன் நிம்மதியாக இட்லியை வாயில் போட்டுக்கொண்டார்.

"எந்த ஊருப்பா நீ?"

"கோயமுத்தூருங்க. பேரு இனியன். கேரவன் வண்டி டிரைவருங்க."

"அதான பாத்தேன்! தம்பி, அவன் துரியோதனன். விடியக்காலையிலதான் மண்ணுல பண்ணிப் படுக்க வெச்சிருக்காங்க. இன்னிக்கு திரௌபதியம்மன் கோயிலு படுகளம். கூத்துல பீமன் வேஷம் கட்டினவன் வந்து தொடையில ஒண்ணு போடுவான். இவன் செத்துடுவான். போன வருஷமும் செத்தான். நீ டென்ஷன் ஆவாத."

"அது சரிங்க... ஆனா அந்தாளுக்குப் பக்கத்துல நேத்து நான் நிறுத்தின கேரவனைக் காணோமுங்களே!"

இப்போது இட்லி தொண்டையில் நின்றது.

*

எஸ்.ஐ. வளர்மதி ஜீப்பிலிருந்து குதித்தாள்.

செஞ்சிக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. சந்தேகம் வந்தால் நாக்கால் 'டொக்' என்று ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தம் கேட்டால் தப்புச் செய்தவன் உளற ஆரம்பிப்பான். தப்புச் செய்யாத பாண்டுரங்கனும் உளறுவார்.

தூரத்தில் ராஜகிரிக் கோட்டைப் பாறைகள் அதற்குள் சூடேற ஆரம்பித்திருந்தன. நிலத்தின் நடுவில் வண்ணம் பூசிய மண் மீசையோடு துரியோதனன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் டயர் தடம் மட்டும் இருந்தது. வண்டி இல்லை!

"மேடம்! என் வண்டி போச்சு மேடம்!"

அழாத குறையாக ஓடி வந்தான் பார்த்திபன். நிலத்துக்குச் சொந்தக்காரன். ரியல் எஸ்டேட். நெற்றியில் மூன்று கோயில் குங்குமம். அவன் காரின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தோரணமாகத் தொங்கின.

"இந்த ஊர்ல கேரவன் எதுக்கு சார்? சினிமா எடுக்கறீங்களா?"

"இல்ல மேடம். மெட்ராஸ்லயும் பாண்டிச்சேரிலயும் பணக்காரங்க டூர் போறதுக்கு கேரவன் வாங்கி வெச்சிருக்காங்க. நிறுத்தறதுக்கு எடம் இல்ல. இங்க ஷெட்டு போட்டு, வாடகைக்கு நிறுத்திக்கலாம்னு பிளான். முதல்ல நம்ம வண்டியே ஒண்ணு வாங்கி நிறுத்தினேன். இந்தத் தம்பி நேத்து கோயமுத்தூர்லேர்ந்து ஓட்டியாந்து விட்டுட்டு, லாட்ஜுல படுத்துட்டான்."

"அதுக்கு பர்மிஷன்?"

"நிலப் பயன்பாட்டை மாத்தச் சொல்லி மனு குடுத்திருக்கேன். நகரமைப்பு ஆபீசர் அமலா மேடம் இன்னிக்கு பதினோரு மணிக்கு நேர்ல பாக்க வராங்க. காலி எடம், யாரும் எதுக்கும் பயன்படுத்தறதில்லன்னு தெளிவா எழுதியிருக்கேன்."

வளர்மதி நாற்பது அடித் துரியோதனனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"அப்ப இவரு?"

பார்த்திபன் அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும் மேடம்! கன்னியப்பன். ஷேர் ஆட்டோ ஓட்டறான். கூத்துல பீமன் வேஷம் கட்டறவன். இங்க வண்டி நின்னா தூக்கி எறிவேன்னு மைக்கிலயே சொன்னான்! அவனைப் புடிச்சு உள்ள போடுங்க. இந்த எடத்தைச் சுத்தி ரிப்பன் கட்டுங்க. குத்தம் நடந்த எடம். ஒருத்தனும் கால் வைக்கக் கூடாது!"

"சாவி யாருகிட்ட இருந்துது?"

"வண்டியிலயேதான் மேடம். நம்ம ஊர்ல யாரு எடுக்கப்போறா?"

டொக்!

ஆனாலும் புகார் புகார்தான். ரிப்பன் கட்டப்பட்டது.

ரிப்பன் கட்டினால் படுகளம் நடக்காது. பீமன் ஜீப்பில் ஏறினால் துரியோதனனை அடிக்க ஆளில்லை. பதினோரு மணிக்கு வரும் அமலா மேடம் ஆளரவமில்லாத நிலத்தைப் பார்த்து, 'ஆமாம், காலி இடம்தான்' என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்த வருஷம் இங்கே கேரவன்கள் வரிசை கட்டி நிற்கும். துரியோதனன் சாவதற்கு இடம் தேடி அலைய வேண்டியதுதான்!

*

கோயிலுக்குப் பின்னால், தென்னங்கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிய பெரிய வேஷம் கட்டும் கொட்டகை. உள்ளேயிருந்து ஜெனரேட்டர் சத்தம் கேட்டது.

கன்னியப்பன் கிரீடமும் புஜக்கட்டையுமாக வெளியே வந்து நின்றான். முகம் முழுக்கச் சிவப்பு அரிதாரம்.

"நைட்டு பூரா கூத்துல இருந்தேன் மேடம். ஊரே பாத்துது."

பாண்டுரங்கன் வளர்மதியின் காதருகே குனிந்தார்.

"நானும் பாத்தேன் மேடம். நடுவுல ரொம்ப நேரம் பீமனைக் காணோம். கோமாளி ஒருத்தனே சமாளிச்சான். 'பீமன் எங்கடா'ன்னு ஜனம் கேட்டதுக்கு, 'சோறு வடிக்கப் போயிருக்கான்'னு சொல்லிச் சிரிக்க வெச்சான்."

வளர்மதி திரும்பினாள். "எங்க போயிருந்தீங்க?"

"அசதியா இருந்துது. படுத்துட்டேன்."

"எங்க?"

"இங்கதான்... உள்ள."

வளர்மதி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தாள். நிழலில் நின்றும் வேர்வை ஊற்றியது. கன்னியப்பன் முகத்தில் மட்டும் ஒரு சொட்டு இல்லை! விடிய விடிய ஆடியவனின் அரிதாரம் இப்போதுதான் பூசியது போலிருந்தது.

டொக்!

"இன்னா மேடம்?"

"ஒண்ணுமில்ல. பத்தரைக்குள்ள வண்டி கெடைக்கலன்னா உங்களைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவணும்."

கன்னியப்பன் குரல் உடைந்தது.

"நாளைக்கு வந்து ஒரு மாசம் வேணாலும் ஜெயில்ல உக்கார்றேன் மேடம். இன்னிக்கு மட்டும் விடுங்க! இந்த ஒரு வருஷம் படுகளம் நின்னுச்சுன்னா, பயன்பாட்டுல இல்லாத எடம்னு எழுதிடுவாங்க. அப்புறம் எந்தக் காலத்துலயும் அந்த மண்ணை எங்களால மிதிக்க முடியாது."

அழுகிற பீமனைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. வளர்மதிக்கும் வரவில்லை.

*

திரும்ப நிலத்துக்கு வந்தாள். கேரவன் நின்றிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். டயர் தடம் தொடங்கும் இடத்தில் மஞ்சளாக ஏதோ நசுங்கிக் கிடந்தது.

ஓர் எலுமிச்சம்பழம்!

அந்தப் பக்கம் ஒன்று. பின்னால் இரண்டு. சக்கரத்துக்கு ஒன்று வீதம்... நான்கு!

"இனியன், இதை நீங்க வெச்சீங்களா?"

"இல்லீங்க மேடம். நான் வண்டி நிறுத்தினதோட சரிங்க."

வளர்மதி நிமிர்ந்தாள். இதழோரம் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்துகொண்டது.

"பார்த்திபன் சார்! உங்க காரைக் கொஞ்சம் பின்னால எடுங்க. ஜீப்பு திரும்பணும்."

"இதோ மேடம்!"

பார்த்திபன் கார் கதவைத் திறந்தான். ஒரு கவரை எடுத்தான். நான்கு எலுமிச்சம்பழங்களை நான்கு சக்கரத்தின் அடியிலும் வைத்தான். கண்ணை மூடிக் கும்பிட்டான். ஏறி, காரை எடுத்தான்.

சப்! சப்!

"பத்தடி நகத்தறதுக்கா சார் பழம்?"

"பழக்கம் மேடம்!" பெருமை பொங்கியது அவன் குரலில். "பழம் வைக்காம நான் எந்த வண்டியையும் எடுத்ததே கெடையாது. ஊர்ல யாரை வேணா கேளுங்க!"

"கேக்கவே வேணாம். அங்க பாருங்க."

பார்த்திபன் பார்த்தான்.

முகம் வெளுத்துப்போயிற்று!

"திருட வந்தவன் வண்டியைக் கெளப்பிட்டு ஓடுவானா... நாலு பழம் வாங்கியாந்து, சக்கரத்துக்கு வெச்சு, சாமி கும்பிட்டுட்டு எடுப்பானா?"

"மேடம்... அது வந்து..."

"வாங்க, ஸ்டேஷன்ல உக்காந்து பேசலாம். நாலு பழம் வெச்சே ஜீப்பை எடுக்கறோம்."

அவ்வளவுதான். பார்த்திபன் உண்மையைக் கக்கிவிட்டான்.

"புது வண்டி மேடம்! முதல் தடவையா நான் கை வைக்கறேன். பழம் வைக்காம எப்டி எடுக்கறது? போற வழியில எங்கனா இடிச்சுக்கிச்சுன்னா?"

"திருடறது தப்புன்னு தோணல. பழம் வைக்காதது தப்புன்னு தோணுச்சு!"

"என் வண்டிதான மேடம்... அனந்தபுரத்துல என் மச்சான் ரைஸ் மில்லு ஷெட்டுல பத்திரமா இருக்குது. கன்னியப்பன் உள்ள போனா படுகளம் நின்னுடும்னு நெனைச்சேன்."

"ஏட்டய்யா!" வளர்மதி கத்தினாள். "ரிப்பனை அறுங்க!"

*

பம்பை வெடித்தது! உடுக்கை உறுமியது!

சிங்கவரத்து ஜனம், செஞ்சி ஜனம், வேர்க்கடலைக் கொல்லையில் வேலையைப் போட்டுவிட்டு வந்த ஜனம் என்று எள் போட்டால் கீழே விழாத கூட்டம். கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு பீமன் துரியோதனனைச் சுற்றிச் சுற்றி ஓடினான். நேரம் பார்த்து ஒரே அடி!

தொடைக்குள் புதைத்திருந்த பானை உடைந்து செந்நீர் பீறிட்டது. திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். பாண்டுரங்கன் ட்யூட்டியில் இருப்பதை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கூட்டத்தின் விளிம்பில் ஆபீஸ் கார் வந்து நின்றது. இறங்கிய அமலா மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பார்த்திபன், காலி எடம்னுதான எழுதியிருந்தீங்க?"

"ஆமாம் மேடம்..."

"யாரு சார் அது, நடுவுல படுத்திருக்கறது?"

"துரியோதனன் மேடம்..."

"இது பயன்பாட்டுல இருக்கற எடம். நான் பரிந்துரை பண்ண மாட்டேன். கேரவன் நிறுத்தறதுக்கு வேற எடம் பாருங்க. நெஜமாவே காலியா இருக்கற எடமா!"

கார் கிளம்பிப் போனது. கன்னியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அழுதானா, சிரித்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

கதை முடிந்தது என்று எழுந்து போய்விடாதீர்கள்...

வளர்மதியின் செல்போன் அடித்தது! ரைஸ் மில்லில் கேரவனை எடுத்துவர அனுப்பிய இனியன்.

"மேடம்... இங்க வண்டி இல்லீங்க!"

"இன்னாது?"

"விடியறதுக்கு முன்னயே ஒருத்தரு வந்து ஓட்டிட்டுப் போயிட்டாருங்களாம். வாட்ச்மேன் சொல்றாருங்க. தலையில கிரீடமாம்... மூஞ்சி பூரா செவப்பாம்... தோள்ல கதாயுதமாம்! 'சாவியக் குடு'ன்னாராமுங்க. வாட்ச்மேன் கால்ல விழுந்து குடுத்துட்டாருங்களாம்!"

பக்கத்தில் நின்ற பார்த்திபன் ஓரடி எம்பிக் குதித்தான்!

"நான்தான் அப்பவே சொன்னேன்ல மேடம்! கன்னியப்பன்தான் எடுத்தான்னு!"

பொய்யாகக் கொடுத்த புகார் உண்மையாகிவிட்டது!

டொக். டொக். டொக்.

வேர்க்காத முகம்... பட்டப்பகலில் ஓடிய ஜெனரேட்டர்... வளர்மதி விடுவிடுவென்று கொட்டகைக்குப் பின்னால் நடந்தாள். பார்த்திபனும் ஏட்டும் கன்னியப்பனும் பின்னாலேயே ஓடினார்கள். தென்னங்கீற்றை இழுத்தாள். தார்ப்பாயைத் தூக்கினாள்.

பளபளவென்று ஒரு வெள்ளைக் கதவு!

திறந்தாள். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. உள்ளே சுற்றிலும் பல்பு எரியும் கண்ணாடி முன்னால் தருமன் அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தான். கிருஷ்ணன் செல்போனைச் சார்ஜில் போட்டிருந்தான். முடிந்த கூந்தலோடு சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் திரௌபதி. மேலுதட்டில் மீசை முளைக்கத் தொடங்கியிருந்தது.

கன்னியப்பன் தலையைச் சொறியப் பார்த்தான். கிரீடம் தடுத்தது.

"நைட்டு பீடி புடிக்க பின்னால வந்தேன் மேடம். லைட்டு போடாம வண்டி போச்சு. உத்துப் பாத்தா, ஓட்டறது இந்தப் பார்த்திபன் சாரு! பைக்குல பின்னாலயே போனேன். இவரு வெச்சிட்டுப் போனதும், பைக்கை அங்கயே போட்டுட்டு வண்டியை எடுத்தாந்துட்டேன். கிரீடத்து மேல ஹெல்மெட்டு போட முடியல. அதுக்கு வேணா ஃபைன் போடுங்க."

"நேரா ஸ்டேஷனுக்கு வர வேண்டியதுதான?"

"வந்திருந்தா, வண்டியை எங்க கொண்டாந்து நிறுத்துவீங்க? எடுத்த எடத்துலதான? படுகளம் நடக்கற எடத்துல கேரவன் நிக்கறதை ஆபீசரு பாக்கட்டும்னா?" குரலைத் தாழ்த்தினான். "அதுவுமில்லாம... ஏசியில மேக்கப்பு நிக்குது மேடம்."

வளர்மதி பார்த்திபன் பக்கம் திரும்பினாள்.

"புகார் நிக்கட்டுமா, வாபஸா? நின்னா, பொய்ப் புகாருக்கு நீங்க, வண்டிக்கு அவரு. ரெண்டு பேரும் ஒரே ஜீப்பு. பக்கத்துப் பக்கத்து சீட்டு. கதாயுதம் அவரு மடியில."

"வாபஸ் மேடம்!"

வெளியே வளர்மதி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள். பாண்டுரங்கன் மட்டும் கேரவனுக்குள் போய், திரௌபதியின் கால்மாட்டில் சோபாவில் சாய்ந்தார். அப்போது பார்த்து போன் அடித்தது. ஸ்டேஷன் ரைட்டர் பீமாராவ்.

"ஏட்டய்யா, காலையில போன நாப்பது அடி பொணம் கேஸு இன்னா ஆச்சு?"

"கொலைதாம்பா. பட்டப்பகல்ல, ஊரே பாக்க, தொடையிலயே போட்டான்."

"ஐயய்யோ! ஆளு சிக்கினானா?"

"இதோ, எதிர்ல உக்காந்து ஏசியைக் கூட்டி வைக்கச் சொல்றான்."

"அப்ப அரெஸ்ட் பண்ண வேண்டியதுதான?"

"எப்டிப்பா பண்றது?" பாண்டுரங்கன் காலை நீட்டிக்கொண்டார். "அடுத்த வருஷமும் அதே எடத்துல, அதே ஆளை, இவன்தான வந்து கொல்லணும்!"