மௌனம் மேடத்தின் மகன்

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. அவளும் அப்படித்தான் வந்தாள்… நர்சிங் சீருடையோடு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தலைதெறிக்க ஓடி, சாலையைக் கடந்து, எதிரே திறந்திருந்த முதல் கதவுக்குள் பாய்ந்தாள். அதே கதவு வழியாக ஒருவன் வெளியே வந்துகொண்டிருந்தான்.

மோதல்! அவள் மூக்குக்கண்ணாடி பறந்தது. அவன் பதறிப் பின்வாங்கினான். காலடியில் 'நறுக்'கென்று ஒரு சத்தம்.

"ஐயோ… என் கண்ணு!"

"ஸாரி சிஸ்டர்… மிதிச்சிட்டேன்."

"நான் இன்னும் ஸ்டூடன்ட்தான். யாருக்கும் சிஸ்டர் இல்லை!"

"அது ரொம்ப நல்லது," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. காது சிவந்துவிட்டது. நல்லவேளை, அவளுக்குத் தெரியவில்லை. மைனஸ் ஆறு பவர் அவளுக்கு. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவன் வெறும் நீலச் சட்டை போட்ட புகை.

"ஒரு அதிர்ஷ்டம் பாருங்க… நீங்க வந்து மோதினதே கண்ணாடிக் கடையிலதான். என் கடை. கொஞ்சம் உக்காருங்க, புது லென்ஸ் போட்டுத் தர்றேன். இனாம்."

உடைந்த துண்டை வைத்துப் பவரைக் கண்டுபிடித்தான். பிறகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் குனிந்தான்.

"அசையாம என் மூக்கைப் பாருங்க."

"எது மூக்குன்னு சொல்லுங்க, பாக்கறேன்."

தினமும் எத்தனையோ ஜோடிக் கண்களை அளப்பவன் அவன். கண் என்றால் அவனுக்கு ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்கள்… இமையில் மழைத்துளி ஒன்று விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அளவு எடுத்தாகிவிட்டது. ஸ்கேல் மட்டும் கீழே இறங்கவில்லை.

"இன்னுமா அளக்கறீங்க?"

"இப்பதான்… முடிஞ்சுது."

அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. நாளைக்கு மனநல வார்டில் பிராக்டிகல் என்றாள். போன தடவை ஃபெயில், இந்தத் தடவையும் போனால் ஜூனியர்களோடு உட்கார வேண்டும் என்றாள்.

"எதுல ஃபெயில்?"

"நோயாளிகிட்ட பேசறதுல."

"பேசத் தெரியலையா? நீங்களா?"

"நிறுத்தத் தெரியலை. அவர் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நான் ஒரு வண்டி அட்வைஸ் பண்ணிடறேனாம்." சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பிராக்டிஸ் பண்ணிக்கட்டுமா? 'நீங்க ரொம்பக் களைப்பா இருக்கற மாதிரி தெரியுது…'"

"உங்களுக்குத்தான் என் முகமே தெரியலையே!" அவன் சிரித்தான். "அது, கவனிச்சதைச் சொல்றது. அடுத்து நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்வீங்க. அப்புறம் 'இதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.' சரியா?"

"நீங்க நர்சிங் படிச்சீங்களா?"

"படிக்கலை. எங்க வீட்ல…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். சொல்லிவிடலாம்தான். சொன்னால் இந்தப் பேச்சு நின்றுபோய்விடுமே… லென்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய் மெஷினை ஓடவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கதவு திறந்தது. குடையோடு ஒரு சாம்பல் நிற உருவம் உள்ளே வந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. கடைக்காரர் மெஷின்ல இருக்கார்," என்று அவளே வரவேற்றாள். "எனக்கு நாளைக்குப் பரீட்சைம்மா. எங்க டீச்சருக்கு மௌனம் மேடம்னு பேரு. ஒரு கேள்வி கேட்டுட்டு, பேசாம நம்மளையே பாப்பாங்க. செய்யாத தப்பையும் நாமளே ஒத்துக்குவோம். நடிச்சுக் காட்டவா?"

உருவம் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். எழுந்து, கையைப் பின்னால் கட்டி, குரலைக் கட்டையாக்கினாள். "'மனிதனின் ஆளுமை எட்டுப் படிகளில் வளர்கிறது. முதல் படி நம்பிக்கை. நீ எந்தப் படியில் தடுக்கி விழுந்தாய், பெண்ணே?'" அவளே சிரித்துக்கொண்டாள். "பாவம்மா… அவங்களுக்குப் பிள்ளைன்னு ஒண்ணு இருந்தா, முதல் படியிலயே பயந்துபோய் உக்காந்திருக்கும்!"

மெஷின் நின்றது. புதுக் கண்ணாடியோடு வெளியே வந்தவன் அப்படியே சிலையானான். அவள் எட்டி வாங்கி மாட்டிக்கொண்டாள்.

உலகம் தெளிந்தது. முதலில் அவன் கண்கள்… நீண்ட இமைகள், தேன் நிறம். அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றில் ஏன் இத்தனை பீதி? அவன் பார்த்த திசையில் திரும்பினாள்.

மௌனம் மேடம்!

"அம்மா…" என்றான் அவன் ஈனஸ்வரத்தில். "இப்பதான் வந்தீங்களா?"

அம்மாவா! மேடம் அவளைப் பார்த்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்கு லேட்டா வராதே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்று அவனைக் கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் மழையில் இறங்கி ஓடினாள்.

மறுநாள் அவளுக்குக் கொடுத்த நோயாளி ஒரு தையல்காரர். வார்டுக்கு வந்ததிலிருந்து யாரிடமும் வாய் திறக்காதவர். ஒரு பக்கம் மேடம். இன்னொரு பக்கம் வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சை அதிகாரி. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வணக்கம்கூட வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு…

பேச்சு வராததால்தான் பார்த்தாள். அவர் விரல்கள் போர்வையின் ஓரத்தைச் சீராக மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தன. நெடுநேரம் அதையே பார்த்தபடி இருந்தாள்.

"என்னம்மா… யாராவது திட்டிட்டாங்களா?" என்றார் அவர், மெதுவாக.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"எங்க முதலாளியும் திட்டுவார்," என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கடை, பொத்தான், தூக்கம் வராமல் போன நாட்கள், மகளுடன் பேசாமல் போனது… எல்லாம் வந்தது. நடுவில் ஒரே ஒரு முறை "அப்புறம்?" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

ரிசல்ட் வந்தபோது வகுப்பிலேயே முதல் மார்க் அவளுக்கு! விடுதி முழுக்க ஒரே கும்மாளம். கண்ணாடிக்கடைக் கதை அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது. "அது மாமியார் மார்க்குடி!" என்றார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. நேராகக் கடைக்குப் போய் நின்றாள்.

"நீங்கதானே சிபாரிசு பண்ணீங்க?"

"எங்க அம்மாகிட்டயா? ஸ்கூல்ல என்னை அடிச்ச பையன் பாவம், அவன் எந்தப் படியில தவிக்கிறானோன்னு எனக்கே வகுப்பு எடுத்தவங்க அவங்க!"

"சிரிக்காதீங்க. எனக்குப் பிச்சை மார்க் வேண்டாம்."

அவன் சிரிப்பு அணைந்தது. "நீங்க ஜெயிச்சதை நீங்களே நம்பலைன்னா நான் என்ன சொல்றது? போயிட்டு வாங்க."

வந்துவிட்டாள். வந்து அழுதாள்.

"கோபம்னா ஏன்டி அழறே? அவனைப் பிடிச்சிருக்கா?" என்றாள் அறைத்தோழி.

"பிடிக்கவே இல்லை!"

"பாடத்துல இதுக்கு மறுத்தல்னு பேரு."

"தலையணையால அடிப்பேன்."

"இது இடமாற்றம். அவன் மேல இருக்கிற கோபம் என் முதுகுல."

சில நாள் கழித்து மேடம் தன் அறைக்கு அழைத்தார். அவள் போய் நின்றாள்.

"மார்க் நான் மட்டும் போடலை. அந்த அதிகாரிக்கு நீ யாருன்னே தெரியாது. உனக்கு ஒரு மார்க் குறைக்கச் சொன்னதே நான்தான்," என்றார் மேடம். "தையல்காரர் பரீட்சை அன்னைக்கே ஊசியும் நூலும் கேட்டார். வார்டுல ஊசி தர முடியாது. ஆனா கேட்டார் பாரு… அதுக்குத்தான் மார்க்."

"மேடம்… அன்னைக்கு நான் நடிச்சது…"

"சுமார்தான். என் குரல் அவ்வளவு கட்டை இல்லை."

பிறகு மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வீட்ல பையன் பேசறதில்லை. நாம பேசாம இருந்தா அவனா வாயைத் திறப்பான்னு இருந்தேன். அவன் யார் வளர்த்தவன்? அவனும் அதையேதான் பண்றான். சாப்பாட்டு மேசையில தட்டுச் சத்தம் மட்டும்தான் கேக்குது." குரல் லேசாக உடைந்தது. "என்னால தாங்க முடியலைம்மா. கடை எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

அவள் போனபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவன் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தான். பெரியவர் மூக்கில் வட்டவட்டமாக ஒரு சோதனை ஃபிரேம்.

"உக்காருங்க. இவரை முடிச்சிட்டு வர்றேன்," என்றான், நிமிராமல்.

"இல்லை… இப்பவே சொல்லலைன்னா தைரியம் போயிடும்."

"சொல்லட்டுமேப்பா," என்றார் பெரியவர். "என் கண்ணு எங்கயும் ஓடிப்போகாது."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னைக்குக் கத்தினது தப்பு. ஆனா மார்க்குக்காகக் கத்தலை. அந்த மார்க்குக்கு நீங்க காரணமா இருந்துட்டா… நான் உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா, நன்றிக் கடன்னு நினைச்சிடுவீங்களேன்னு கத்தினேன்."

அவன் கையிலிருந்த லென்ஸ் மேசையில் உருண்டது.

"இந்தக் கதவு திறக்கும்போதெல்லாம்… நீங்களான்னு திரும்பிப் பாத்துப் பாத்து, ரெண்டு மூணு பேருக்குத் தப்பா பவர் எழுதிட்டேன்."

"அதுல நான் உண்டா?" என்றார் பெரியவர் கலவரத்துடன்.

"நீங்க இல்லைங்க ஐயா." அவன் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. மோதின அன்னைக்கே. எங்க வீட்ல நான் பேசறேன். உங்க வீட்ல?"

"அப்பா கேட்டா குதிப்பார்."

"குதிச்சா?"

"குதிச்சவர் கீழே வந்துதானே ஆகணும்!"

இருவரும் சிரித்தார்கள். மேசை மேல் இரண்டு கைகள் மெல்ல மெல்ல நகர்ந்து, சுண்டுவிரல்கள் தொட்டுக்கொண்டன… பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப நான் நாளைக்கு வரட்டுமா தம்பி?"

"வாங்க!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவர் சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டியபடியே படியிறங்கித் தெருவில் நடந்தார். கடையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.