நாற்பதைத் தாண்டும்போது

1993 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் என் ஃபியட்டை சிட்லபாக்கத்தில் ஹில்டா அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் தயாராக நின்றிருந்தாள். கையில் ஒரு ஒயர் கூடை, கூடையில் ஆப்பிளும் வீட்டில் செய்த கேக்கும். நாவலூருக்குப் போகிறோம். அவள் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் வீட்டார் கூப்பிட்டிருந்தார்கள். அவளையல்ல, என்னை.

"தம்பி, உங்களுக்குத்தான் சிரமம்" என்றாள் ஏறும்போது.

சிரமம் ஒன்றுமில்லை அக்கா என்றேன். அது அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய்.

அவளுடைய கணவர் எலியேசர் நான் வேலை செய்த பள்ளியில் பி.டி. மாஸ்டர். நான் கணக்கு வாத்தியார், சபையில் பாடகர் குழுத் தலைவன். எனக்குக் காது கொஞ்சம் அதிகம். பதினாறு பேர் பாடும்போது யாருடைய சுருதி அரை இழை இறங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டில் குழாய் சொட்டினால் தூக்கம் வராது. "சத்யா, உங்க காதுக்குப் பரலோகத்துலகூட சத்தம் ஜாஸ்தியா இருக்கும்" என்று எலியேசர் அண்ணன் கேலி செய்வார்.

ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன் இன்ஜினியரிடமிருந்து அவர் ஒரு ஃபைபர் படகு வாங்கினார். கனூ என்பார் அவர். தெருவில் எல்லோருக்கும் அது படகுதான். அவரிடம் கார் இல்லை, என்னிடம் இருந்தது. சனிக்கிழமைகளில் என் ஃபியட் கூரையில் கேரியர் போட்டு, படகைக் கவிழ்த்து வைத்து, நைலான் நாடாவால் இறுக்கிக் கட்டி, கேளம்பாக்கம் உப்பங்கழிக்குப் போவோம். ராஜகீழ்ப்பாக்கத்தில் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள்.

வண்டி நாற்பதைத் தாண்டினால் தலைக்கு மேல் கச்சேரி ஆரம்பித்துவிடும். நாடா அதிரும். கேரியர் குழாய் ஊளையிடும். எனக்குப் பல் கூசும்.

அண்ணன் ஒவ்வொன்றாக அடக்கினார். நாடாவைத் தட்டையாகக் கட்டாமல் நடுவில் ஒரு முறுக்கு விட்டார், அதிர்வு நின்றது. முன்குழாயில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினார், ஊளை நின்றது. முன் ஜன்னலின் முக்கோணக் கண்ணாடியை மூடச் சொன்னார். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம்.

படகின் மூக்கில் ஒரு கயிறு, கயிற்றில் அவருடைய விசில். காற்று அதை ஊதும். அது ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே, எந்தச் சுருதியிலும் சேராத ஒரு சத்தம்.

"கழட்டி உள்ள வையுங்களேன் அண்ணா."

"கழட்டினா ஒருநாள் மாட்ட மறந்துடுவோம், சத்யா. தண்ணிக்குப் போற சாமான் தண்ணிக்குப் போற சாமானோடதான் இருக்கணும்."

எனக்கு நீச்சல் தெரியாது. அவர் படகில் போவார், நான் கரையில் சவுக்கு நிழலில் இருப்பேன். ஏதாவது ஆபத்தென்றால் மூன்று நீள ஊதல். உடனே நான் பக்கத்துக் கரையிலிருக்கும் மீன்காரர்களைக் கூப்பிட வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு.

1991 பிப்ரவரி. சோழிங்கநல்லூரில் வண்டியை நிறுத்தி அவர் டீ குடிக்கப் போனார். எனக்குத் தலைவலி. டேஷ்போர்டைத் திறந்தேன். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு ஒன்று வெயிலில் இளகிக் கிடந்தது. கிள்ளி உருட்டினேன். விசிலின் மேலே இருக்கும் பிளவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். என் கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு, ஹார்மோனியப் பெட்டியின் மூடி விழுந்தது. அந்தத் தழும்பு மெழுகில் அப்படியே பதிந்தது. அதைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது.

கரை சேர்ந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வழியெல்லாம் அமைதி. "பாத்தீங்களா, இன்னிக்கு காத்தே இல்ல" என்றார் அண்ணன். நான் ஆமாம் என்றேன். அந்த அமைதியின் சுகத்தில், கரையில் படகை இறக்கிவிட்டு நிழலில் படுத்தவன் தூங்கிப்போனேன்.

விழித்தபோது படகு கவிழ்ந்தபடி மெதுவாகக் கரைப்பக்கம் மிதந்து வந்துகொண்டிருந்தது.

அவர் மறுநாள் கிடைத்தார்.

மீன்காரர்கள் ஓடி வருவதற்குள் நான் செய்த ஒரே காரியம், கயிற்றை அறுத்து விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. போலீஸ் கேட்டது: விசில் ஊதினாரா? சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றேன். அது உண்மைதானே. குழாய் சொட்டினாலே விழித்துக்கொள்கிறவன் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

நம்பியதுதான் வினையாயிற்று. ஊருக்கே நீச்சல் கற்றுக்கொடுத்தவர். கையெட்டும் தூரத்தில் விசில். முந்நூறு கெஜத்தில் நண்பன். ஊதவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய உதவித் தலைமையாசிரியர் பதவி வேறொருவருக்குப் போயிருந்தது. அவராகவே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். சபைக் கமிட்டியில் பேசிப் பேசி, கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களிடமிருந்து தள்ளி மதிலோரம் இடம் கொடுத்தார்கள். மகள் ஜெயசீலிக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் விஷயம் காதில் விழுந்ததும் நின்றுபோயின.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாடகர் குழுவை எழுப்பி நிறுத்திப் பாடவைத்தேன்.

அடக்கம் முடிந்த வாரமே சத்தம் ஆரம்பித்தது. வண்டி நாற்பதைத் தாண்டும்போது மட்டும், தலைக்கு மேல். கேரியரைக் கழற்றினேன். ஜன்னல் ரப்பர்களை மாற்றினேன். சேலையூர் மெக்கானிக் ஜெயவேலு கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"இன்னா சார் பேஜாரா கீது. மேல ஒண்ணுமே இல்லியே. கேரியரையும் கழட்டிட்டீங்க. காத்து எதுல சார் மோதும்?"

விசில் சத்தமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது விசில் அல்ல. அடைபட்ட விசிலில் ஒருவர் ஊதும் மூச்சு. நீளமாக, ஈரமாக.

மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று முறை.

அதற்குப் பிறகு நான் முப்பத்தைந்துக்கு மேல் ஓட்டியதில்லை.

இப்போது மூன்றாவது சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பா வேதசிரோமணி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று நாவலூரில் மனை வாங்கிக் குடியேறியவர். நேர்மையான மனிதர். ஊர் பேசுவதைக் கேட்டு முடிவு செய்ய மாட்டேன், அன்றைக்குக் கரையில் இருந்தவரைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

மேடவாக்கம் தாண்டியதும் ஹில்டா அக்கா மணி பார்த்தாள்.

"பதினொண்ணுக்கு வரச் சொன்னாங்க. கொஞ்சம் வேகமாப் போலாமா தம்பி?"

முள் நாற்பதைத் தொட்டது.

ஆரம்பித்தது.

நல்ல வெயில். ரோட்டின் இருபுறமும் வயல். வண்டிக்குள் கேக்கின் வாசனையை மீறி உப்புத் தண்ணீர் நாற்றம் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. கூரையிலிருந்து அது இறங்கி வருவதுபோல் இருந்தது. முதலில் உச்சிக்கு மேல். பிறகு கண்ணாடிப் பக்கம். பிறகு என் வலது காதோரம், சூடில்லாத மூச்சாக.

"அக்கா, ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்லியே" என்றாள். வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஊர் பேசறது பெரிசில்ல தம்பி. அவர் என்னை நினைச்சு ஒருவாட்டியாவது ஊதியிருக்க மாட்டாரான்னுதான். அதான் மனசு ஆறல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வண்டியை ஓரம் கட்டி, அவள் காலைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"அங்க வந்து எல்லாத்தையும் சொல்றேன் அக்கா" என்றேன்.

சொல்லப்போவதை முந்தின நாளே தயாரித்து வைத்திருந்தேன். விசிலிலிருந்து மெழுகைக் குண்டூசியால் நோண்டி எடுத்து, சிட்லபாக்கம் ஏரியில் எறிந்துவிட்டு வந்திருந்தேன். விசிலைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன்.

வேதசிரோமணி எதிரே உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் சொன்னேன்: எலியேசர் கட்டாயம் ஊதியிருப்பார். விசில் அடைந்திருந்தது. கழியில் கவிழ்ந்தபோது சேறு புகுந்துவிட்டது. கரைக்கு வந்த படகில் நானே பார்த்துக் கழற்றி வைத்துக்கொண்டேன். பயத்தில் அப்போது சொல்லத் தோன்றவில்லை.

"சேறா?" என்றார் அவர். "முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதினவன் சார் நான். சேறுன்னா ரெண்டு ஊது ஊதினா வந்துடுமே. தண்ணியில கரைஞ்சிடாதா?"

"களிமண் சார். கெட்டிக் களி. இறுகிப்போயிருந்தது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். விசிலைக் கொடுத்தேன். வேட்டி நுனியால் துடைத்து வாயில் வைத்தார்.

அவர் கன்னம் உப்பியது. முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஹில்டா அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் முந்தானையை வாயில் பொத்தி அழுதாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த விசிலை அவள் கேட்டாள்.

எனக்குக் கேட்கவில்லை.

எனக்குக் கேட்டது மூச்சு மட்டும்.

கல்யாணம் நிச்சயமானது. கமிட்டிக்காரர்கள் ஹில்டா அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். "உங்களால என் பொண்ணு வாழப்போறா தம்பி" என்று அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மெழுகை அழுத்திய கை. விசில் இப்போது அவளிடம்தான் இருக்கிறது, அண்ணன் படத்துக்குக் கீழே.

அவள் கையைப் பிடித்த அந்த நாளிலிருந்து வண்டியில் சத்தமில்லை. ஐம்பதில் ஓட்டிப் பார்த்தேன், அறுபதில் ஓட்டிப் பார்த்தேன். அண்ணன் மன்னித்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். வண்டியில் மட்டுமல்ல, குழாயிலும் சத்தமில்லை, தெருவிலும் சத்தமில்லை என்பது புரிய இரண்டு நாளாயிற்று. கல்யாணத்தன்று கையை உயர்த்தினேன். பதினாறு பேரும் வாயைத் திறந்தார்கள். என்ன பாடினார்கள் என்று தெரியாமலே தாளம் போட்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காது டாக்டர். விளக்கை வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதுக்கு ஒன்றாக இடுக்கியால் இரண்டு துண்டு எடுத்தார். உலகம் திரும்ப வந்தது. ஃபேன் சத்தம், பஸ் ஹாரன், வெளியே ஒரு குழந்தையின் அழுகை.

"இது குறும்பி இல்ல சார்" என்றார். "மெழுகுவத்தி. எதுக்கு சார் இதைக் காதுல போட்டீங்க?"

அவற்றைப் பஞ்சில் சுற்றி வாங்கிக்கொண்டு நேரே ஹில்டா அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் காபி கொடுத்தாள். ஜெயசீலியின் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். படத்துக்குக் கீழே விசில் பளபளவென்று இருந்தது, தினமும் துடைக்கிறாள் போலும். நான் காபியைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக் கிளம்பினேன்.

ராஜகீழ்ப்பாக்கம் முனை வருவதற்குள் உலகம் மறுபடி அடைத்துக்கொண்டது.

இப்போது எதுவுமே கேட்பதில்லை, அது ஒன்றைத் தவிர. மூன்று முறை. இடைவெளி. மூன்று முறை. வாயால் சொல்லத் துப்பில்லாததால் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், அக்கா. நாளைக்கு உங்கள் கதவிடுக்கில் போடுவேன். கூடவே அந்த மெழுகையும் வைக்கலாமென்று இப்போது பஞ்சைப் பிரித்தேன்.

டாக்டர் எடுத்தது இரண்டு துண்டு. பஞ்சில் மூன்று இருக்கின்றன.

மூன்றாவது ஈரமாக இருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அதன் மேல் ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது, குறுக்கே தழும்போடு.