கம்பிக்குள் ஈரம்

புதுப் பெட்டியைப் பொருத்திப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு ஊசி நனைந்திருந்தது.

கனெக்டர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சந்தேகம் வந்து கழற்றியபோதுதான் மெக்கானிக் கட்டர் அதைக் கவனித்தான். தொண்ணூற்றுச் சொச்சம் ஊசிகளும் காய்ந்து பளபளக்க, நடு வரிசையில் ஒன்றின் அடியில் மட்டும் மஞ்சளாக ஒரு துளி, கொப்புளம் மாதிரி உப்பி நின்றது.

அந்த அலுமினியப் பெட்டிதான் இசிஎம், பிக்கப் வண்டியின் மூளை. சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு, டிரைவரின் கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று சென்சார்கள் அதனிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எந்த நொடியில் எந்த சிலிண்டருக்கு எவ்வளவு டீசல் என்று அது உத்தரவு போடும். இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஒரு சொட்டு ஈரம் பாலம் போட்டால் போதும், அதற்குப் புத்தி பிசகிவிடும்.

முட்டை லோடு அடிக்கும் இந்த வண்டியில் ஒன்றரை மாதத்துக்குள் இரண்டு பெட்டிகள் செத்துவிட்டன. முதல் தடவை பழைய பெட்டி என்றான். இரண்டாம் தடவை வண்டி கழுவின தண்ணீர் என்றான். இது மூன்றாவது. இன்றைக்கு என்ன சொல்வது?

அதைவிட வேறொன்று உறுத்தியது. சற்று முன் அதே இடத்துக்கு வரும் ஒயரின் முனை பச்சையாகக் களிம்பேறிக் கிடந்ததால், வெட்டி, பல்லால் கடித்து மேல்தோலை உரித்துத்தான் புது டெர்மினல் வைத்திருந்தான். குறடு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பதினாறு வருடப் பழக்கம், பட்டப்பெயரே அதனால் வந்தது. உரித்தபோது நாக்கில் ஏதோ பட்டது. பல் பிடுங்கிய மறுநாள் காலையில் வாயில் ஊறுமே, அந்த இனிப்பு. அப்போதே துப்பிவிட்டான். ருசி மட்டும் போகவில்லை.

"மறுபடியும் பல்லா?" ஷெட்டின் கணக்கு மேஜையிலிருந்து அக்கா கேட்டாள். "குறடு எதுக்குடா வாங்கி வச்சிருக்கோம், பொட்டு வச்சு அழகு பாக்கவா?"

"ஒரே ஒரு ஒயர்க்கா."

"ஒருநாள் பல்செட்டு மாட்டிட்டு வந்து நிப்ப, அன்னிக்குப் பேசிக்கறேன்."

பெஞ்சில் காத்திருந்த முட்டைக்காரம்மா சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் தம்பி, எல்லாத்துக்கும் பல்லுதான். இப்ப ஒன்றரை மாசமா பல்லுவலின்னு படுத்துட்டார். வாயே திறக்கறதில்ல. வண்டிய நான்தான் ஓட்டறேன்."

கட்டர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். வெளியே மதிய வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் டீசல் வாசனையும் சூடேறிய ரப்பர் வாசனையும் கலந்து கிடக்க, அவற்றின் அடியில் மூடி வைத்த ஈரத்துணி போல மெல்லிசாக வேறொரு வாடை. அழுகின முட்டையாக இருக்கும். தட்டில் ஏதோ உடைந்து ஒழுகியிருக்கும். வேறென்ன?

வெளியிலிருந்து வரும் தண்ணீரை கனெக்டரின் ரப்பர் வளையம் தடுத்துவிடும். ஆனால் ஒயருக்குள்ளேயே வந்தால் தடுக்க முடியாது. ஒரு ஒயர் என்பது ஒற்றைக் கம்பியில்லை, தலைமுடி போன்ற பல செம்பு இழைகளின் கட்டு. இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில், அடுப்புத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, ஈரம் தானாக ஏறும். வண்டியின் வாலில் நனைந்தால் மூக்கில் சொட்டும். ஆகவே ஒயர் எங்கே நனைகிறது என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

அது பிரேக் ஒயர். பெடலை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், பெட்டிக்கும் சேதி போக வேண்டும். இரண்டுக்கும் அதே ஒயரின் கிளைகள்தான். அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அதை விரல்களுக்கு நடுவே பிடித்தபடி பின்பக்கமாக நகர்ந்தான். பாதி தூரம்வரை ஒயர் விறைப்பாக இருந்தது. அப்புறம் தளதளத்தது. அப்புறம் சூடாக இருந்தது. கரண்ட் ஓடினால் ஒயர் சுடும், சரி. ஆனால் பெட்டி மாற்றும்போது முதல் வேலையாக பாட்டரியையே கழற்றித் தரையில் வைத்திருந்தான்.

இந்தச் சூடு உடம்புச் சூடு.

"ஏம்மா," படுத்தபடியே கேட்டான். "பின் விளக்கு ஒயர்ல யாராவது கைவச்சாங்களா?"

"அவர்தான். ஒருநாள் ரோட்டுல அறுந்துபோச்சு. கடிச்சு, முறுக்கி, டேப் சுத்துனார். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் பல்லுவலி."

கட்டர் எச்சிலை விழுங்கினான். இனிப்பு.

"அத விடுங்க தம்பி. எங்க மாமியார் ஒண்ணு சொல்றாங்க. நான் வண்டிய எடுத்தா இவர் படுத்த இடத்துலயே பல்லக் கடிக்கறாராம். நறநறன்னு. விட்டு விட்டு. நான் வீட்டுக்கு வந்து வண்டிய நிறுத்தினப்புறம்தான் அடங்குதாம்."

அக்கா ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவன் காதில் ஏறவில்லை.

வலதுபக்க விளக்குக்கு ஒரு சாண் முன்னால் அந்த ஒட்டு இருந்தது. கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பு டேப். அதன் ஓரங்களில் மஞ்சள் கசிந்து, தூசியோடு சேர்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் கீறி ஒரு சுற்று பிரித்தான். வாடை முகத்தில் அடித்தது. முட்டை இல்லை. இரண்டாவது சுற்று தோல் போல உரிந்து, நூல் நூலாக இழுபட்டது. மூன்றாவது சுற்றுக்குக் கீழே டேப் இல்லை.

ஈறு இருந்தது.

வெளிறிய ரோஜா நிறம். வழவழப்பு. ஈரம். செம்பு இழைகள் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தன. நடுவில் ஒரு பல். கீழ்வரிசை முன்பல். காறை படிந்த மனிதப் பல். அதன் வேரிலிருந்துதான் இழைகள் கிளம்பியிருந்தன.

வண்டிக்கு அடியிலிருந்து உருண்டு, பின்பக்கமாக வெளியே வந்து, மண்டிபோட்டு ஓங்கரித்தான். ஒன்றும் வரவில்லை. எச்சில் மட்டும். மஞ்சளாக. நார் நாராக.

நாக்கு தானாக முன்பற்களைத் தடவியது.

ஒரு முடி.

கீழ் இரண்டு பற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. உரித்தபோது ஒட்டிய செம்பு இழையாக இருக்கும். இருக்க வேண்டும். நகங்களால் பிடித்து மெல்ல இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. ஒரு விரல் நீளம். பச்சைக் களிம்பு. வலியே இல்லை. தாடைக்குள் எங்கோ ஆழத்தில் ஏதோ கூடவே நகர்ந்தது.

விட்டுவிட்டான். பயத்தில் பல்லைக் கடித்தான்.

எதிரே பிரேக் விளக்கு எரிந்தது.

வாயைத் திறந்தான். அணைந்தது.

பாட்டரி தரையில் இருந்தது. பெட்டியின் கனெக்டர் கழன்றே கிடந்தது. இரண்டையும் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"என்னடா ஆச்சு?" அக்காவின் குரல். "வாயில என்ன?"

பேசினால் பல்லோடு பல் படும். வாயை அகலத் திறந்தபடி அசையாமல் மண்டியிட்டிருந்தான். கீழுதட்டிலிருந்து மஞ்சள் கோடு ஒன்று இறங்கித் தரையைத் தொட்டது. விளக்கு இருட்டாகவே இருந்தது. நல்லது. இப்படியே இருந்தால் போதும். இப்படியே.

"என்ன தம்பி?" முட்டைக்காரம்மா எழுந்து வரும் செருப்புச் சத்தம். அவள் கையில் போன் அடித்தது. எடுத்தாள். "சொல்லுங்கத்தை... என்னது, வண்டி இங்கதானே நிக்குது... மறுபடியும் கடிக்கறாரா?"

விளக்கின் கண்ணாடிக்குள் சிவப்பு மெல்ல ஊறியது.

அவன் வாய் திறந்துதான் இருந்தது. இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக் கீழே அழுத்தினான். சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது. அதோடு சேர்ந்து, கைகளை மேலே தள்ளிக்கொண்டு, தாடையும்.