மாட்டியிருந்த பெல்ட்

ஆளில்லாத காரின் பின் இருக்கையில், இடது பக்கத்து பெல்ட் மாட்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. காலி இருக்கையில் மாட்டிய பெல்ட் மெத்தையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். இதுவோ மெத்தையை விட்டு விலகி, யாரோ நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது போல வளைந்து நின்றது. பெல்ட்டை உள்ளே இழுக்கிற சுருள் சிக்கியிருக்கும் என்று எலக்ட்ரீஷியன் நினைத்துக்கொண்டான். கார் வயர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

கார் மருந்துக்கடைக்காரருடையது. சாவியைக் கொடுத்த பிறகும் அவர் கிளம்பாமல் நின்றார்.

"பின்னாடி யாருமே இல்ல தம்பி. ஆனா பெல்ட் போடச் சொல்லி டிங் டிங்னு கத்துது. போட்டுவிட்டா சும்மா இருக்கு. அதான் போட்டே வெச்சிருக்கேன்."

"சீட்டுக்கு அடியில எடை பாக்குற சென்சார் இருக்கும் சார். ஈரம் பட்டா காலி சீட்டுல ஆள் இருக்குன்னு பொய் சொல்லும். பாத்துடலாம்."

"பாருங்க. ஆனா அந்த பெல்ட்ட மட்டும் கழட்டிடாதீங்க."

அவர் தெருமுனை திரும்பியதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறக்காமலே பல்லைப் பிடுங்கச் சொல்கிற ஆள். பெல்ட் கோளாறு என்று வந்தால் எல்லா பெல்ட்டையும் ஒரு முறை கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. மூளையைக் கேட்காமல் கை தானாகவே செய்துவிடும். சாவியைத் திருகி டாஷ்போர்டை எரியவிட்டான். கை போய் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

பெல்ட் சட்டென்று சுருண்டு ஓடவில்லை. யாரோ விரலால் ஒதுக்கிவிடுவது போல மெதுவாக, மிக மெதுவாகப் போனது.

டிங். டிங். டிங்.

முன்னால் டாஷ்போர்டில் இருக்கைகளின் படம். பின் இடதில் சிவப்புப் பொட்டு. ஆள் இருக்கிறது, பெல்ட் இல்லை என்று அர்த்தம்.

மாடியில் மனைவி நடக்கும் சத்தம் கேட்டது. பட்டறைக்கு மேலேதான் வீடு. இரண்டு முறை வயிற்றிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். இந்தப் பிள்ளை ஒன்பதாம் மாதம் வரை வந்துவிட்டது. மாடியில் ஒரு பாத்திரம் விழுந்தாலும் இவன் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவான். சாயங்காலம் அவளைச் செக்கப்புக்கு அழைத்துப்போக வேண்டும். அதற்குள் இந்த வேலையை முடித்துவிட நினைத்தான்.

எந்தப் பட்டறையிலும் ஒரு குறுக்குவழி உண்டு. இடது சீட்டு சென்சாரையும் வலது சீட்டு சென்சாரையும் மாற்றிப் போடுவார்கள். சிவப்புப் பொட்டு வலதுக்குப் போனால் சென்சார் கெட்டது. இடதிலேயே நின்றால் வயர் கெட்டது. மூன்றாவதாக ஒன்று கிடையாது.

குனிந்து இடது பிளக்கைத் தேடினான். சீட்டுக்கு அடியிலிருந்து பால் புளித்த வாடை வந்தது. தலைக்கு மேல் மெத்தை முனகியது. நிமிர்ந்து டாஷ்போர்டைப் பார்த்தான். பொட்டு வலது பக்கம் போயிருந்தது.

அவன் இன்னும் எதையும் கழற்றவேயில்லை.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஷார்ட் சர்க்யூட் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். சொன்ன குரல் தன்னுடையதாகவே இல்லை. முன்னால் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்கேனரை மாட்டினான். பிழை எதுவும் இல்லை என்றது ஸ்கேனர். பின்னாலிருந்த பொட்டு அணைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

அவனுக்குப் பக்கத்து சீட்டின் பொட்டு எரிந்தது.

திரும்பிப் பார்க்கப் பயந்தான். கடைக்கண்ணில் தெரிந்தது போதும். பக்கத்து மெத்தை மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது. புளித்த வாடை இப்போது தோளுக்கு அருகே. சாவியைத் திருகி அணைத்தான். டாஷ்போர்டு செத்தது. பொட்டு இல்லை. வெளிச்சம் இல்லை.

டிங். டிங்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தான். முழங்கால் தரையில் மோதியது. சத்தம் நின்றது. எழுந்து பார்த்தபோது அந்தப் பக்கத்துக் கதவும் திறந்திருந்தது.

அவன் திறக்கவில்லை.

"ஏங்க."

தூக்கிவாரிப் போட்டது. மாடிப்படியில் மனைவி. ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றில்.

"மதியத்துலேருந்து அசைவே தெரியலங்க. பயமா இருக்கு. இப்பவே போயிடலாம்."

காரை அப்படியே விட்டான். பயத்துக்கு மேல் இன்னொரு பயம் ஏறிக்கொண்டது. இது பழைய பயம். பேர் தெரிந்த பயம். அவளைத் தாங்கிப் பிடித்துத் தன் பழைய வேனில் ஏற்றினான். பெல்ட்டை அவளது வயிற்றுக்குக் கீழே இறக்கி மாட்டினான். அந்த வேனில் அவன் கை படாத வயர் ஒன்றும் இல்லை. சென்சார் கிடையாது. பொட்டு கிடையாது. மணி கிடையாது. அதை நினைத்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு தெரு தாண்டியிருப்பார்கள்.

டிங்.

"என்ன சத்தங்க அது?"

"ஒண்ணுமில்லம்மா. வைப்பர்."

டிங். டிங்.

ஓரமாக நிறுத்தினான். பின்னால் எக்கி காலி இருக்கையின் இடது பெல்ட்டை இழுத்து மாட்டினான். டிங். வலது பெல்ட்டை மாட்டினான். டிங். தன்னுடையதைத் தொட்டுப் பார்த்தான். மாட்டியிருந்தது. அவளுடையதும் மாட்டியிருந்தது. வண்டியில் மாட்டாத பெல்ட் ஒன்றுகூட இல்லை.

டிங். டிங். டிங்.

யாரோ பெல்ட் இல்லாமல் இருக்கிறார்கள்.

"ஏங்க..." அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு. "அசையுதுங்க. நல்லா அசையுது. இங்க வைங்க கைய."

அவன் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

டிங். ஒரு உதை.

டிங். ஒரு உதை.

புளித்த வாடை.

"என்னங்க, ஏன் இப்படிப் பாக்கறீங்க? சந்தோஷமா இல்லையா?"

அவன் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ புரண்டது. புடவைக்கு அடியில், தோலுக்கும் அடியில், ஐந்து விரல்கள் வரிசையாகப் புடைத்தன. பிள்ளையின் விரல்கள் அல்ல. நீளம். அவை எதையோ தேடுவது போலத் தடவித் தடவிக் கீழே இறங்கி, பெல்ட்டின் விளிம்பைத் தோலோடு சேர்த்துப் பற்றி, தம் பக்கமாக இழுத்துக்கொண்டன.

சத்தம் நின்றது.