அட்டையில் ஓர் ‘அ’

“ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க.”

“எதுல?”

“எடை மெஷின்லதான்.”

மழையில் தொப்பலாக நனைந்து, கனத்த பையோடு நின்றவன் அவளை ஒரு நொடி பார்த்தான். பிறகு பையை இறக்கிவிட்டு, சொன்னபடியே ஏறி நின்றான். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவள் எழுதிக்கொண்டாள். இருபது வருடம் கழித்து இன்று நினைத்தாலும் அவளுக்கு முகம் சிவந்துவிடும்...

“பொறந்து முதல் ஆறு மாசம்... தாய்ப்பாலா, புட்டிப்பாலா?”

“மேடம், நான் லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவன்.”

பேனா அப்படியே நின்றது. குழந்தையில் குடித்த பாலுக்கும் உடம்பைப் பெருக்கவைக்கும் மரபணுக்களுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. அவள் அதில் நர்ஸ். பத்தரைக்கு ஒருவர் வரவேண்டும். பத்தரைக்கு வந்தவன் குண்டாக இருந்தான். அவளுக்கு அது போதுமானதாக இருந்துவிட்டது.

“அப்புறம் எதுக்கு ஏறினீங்க?”

“நீங்க ஏறச் சொன்னீங்களே.” அவன் சிரிக்கவில்லை. ஆனால் என்ன கண்கள் அவை... கோபத்திலும் ஈரமாகவே இருந்தன. “ஆளைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டீங்க. பரவால்ல, பழகிடுச்சு. அந்தக் கடைசிக் கேள்விய மட்டும் எங்க அம்மாகிட்ட யாரும் கேட்டுடக் கூடாது.”

அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுவாரம் அவனே வந்தான், கையில் ஒரு பழைய நோட்டோடு. மன்னிப்புக் கேட்க அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்; அதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான்.

“நீங்க கேட்டத அம்மாகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். இத அவங்கதான் குடுத்து அனுப்பினாங்க. டெலிபோன் ஆபீஸ்ல வேலை அவங்களுக்கு. எனக்கு மூணு மாசம் ஆனதுமே டியூட்டிக்குப் போயிட்டாங்க. புட்டியக் குடுத்துப் புள்ளைய ஊதவெச்சுட்டான்னு சொந்தக்காரங்க இன்னும் பேசறாங்க. அம்மாவும் அத நம்பறாங்க. நெஜமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

நோட்டு அவன் சித்தியின் கையெழுத்து. அக்கா வேலைக்குப் போகிற நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள். காலையில் ‘அக்கா’. மதியம் ‘நான், புட்டி’. சாயங்காலம் ஆறு மணிக்கு வெறும் ‘அ’... பக்கத்தில், ‘தூங்கிட்டான்’.

“பாருங்க, சாயங்காலமும் அக்காதான். அப்போ நீங்க பெரும்பாலும் தாய்ப்பால் குடிச்ச புள்ள. அம்மாகிட்ட சொல்லுங்க.” அன்று பாதியில் நின்ற அவன் படிவத்தை எடுத்து, ‘தாய்ப்பால்’ என்பதில் சந்தோஷமாக டிக் அடித்தாள்.

அவன் முகம் மலர்ந்தது. பிறகு என்னவோ போல் ஆகிவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த நாள் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றான்.

“அத மாத்திடுங்க. ‘அ’ன்னா அத்தான். எங்க அப்பா. ஆறு மணிக்கு அம்மா ஆபீஸ்லதான் இருப்பாங்க. அத்தான்னு முழுசா எழுத சித்திக்கு அப்ப வெக்கம்.”

“நேத்தே தெரியுமா?”

“தெரியும். அம்மா மேல இருக்கற பழி போயிடுமேன்னு வாய மூடிக்கிட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொன்னதும், ‘பொய்யில எனக்கு நல்ல பேர் வேணாம்டா, மடியில வெச்சுப் புட்டி குடுத்த மனுஷன அழிச்சிடாத’ன்னுட்டாங்க. அப்பா போய் ஒம்பது வருஷமாச்சு.”

அவள் அந்த டிக்கைக் கோடிட்டு அடித்துவிட்டுப் ‘புட்டி’ என்று எழுதினாள். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. எடை நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிய அன்று இந்த மனிதனை அவள் அளக்கவே இல்லை.

“அம்மாகிட்ட இதச் சொல்லுங்க. ஜீன் உங்க அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தது. எந்தப் பாலும் அதை மாத்தி எழுதிடாது. அது வேலை செய்யற விதத்தப் பால் கொஞ்சம் தணிக்குமான்னுதான் நாங்க ஆயிரக்கணக்கான பேரை வெச்சுப் பாக்கறோம். ஒரு ஆளக் காட்டி, ‘உன் புட்டியாலதான்’னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அன்னிக்கு நான் பண்ணினது தப்பு... அதையும் சொல்லுங்க.”

அவன் தலையாட்டினான். முதல் முறையாகச் சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்தது... யாரிடமிருந்து வந்த ஜீனோ அது.

அதன்பின் வாரம் தவறாமல் லிஃப்ட் பார்க்க வந்தான். ஒரு மழைநாள், லிஃப்டுக்குள் தொங்கிய சர்வீஸ் அட்டை அவள் கண்ணில் பட்டது. பழுது என்ற கட்டத்தில் முதல் வரி: ‘கதவு சாத்தல.’ அதற்குக் கீழே நான்கு வாரமும்... ‘அ’.

ஸ்பானரோடு உள்ளே வந்தவன் அவளைக் கண்டு நின்றுவிட்டான்.

“இது யாரு? அக்காவா, அத்தானா?”

அவன் காது சிவந்தது. “முழுசா எழுத வெக்கமா இருந்துச்சு... அவங்க.”

“எந்த அவங்க?”

“மூணாம் மாடியில ஆளப் பாத்ததும் மெஷின்ல ஏத்தறவங்க. லிஃப்டுக்கு ஒண்ணுமில்ல. பழுது எனக்குத்தான்.”

வெளியே மழை ‘சோ’வென்று கொட்டியது. அவன் காதில் செருகியிருந்த பென்சிலை அவள் உருவினாள். அட்டையின் பக்கம் திரும்பினாள்.

“எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. ஆனா ‘அவங்க’ன்னு இவ்வளவு மரியாதை வேணாம்...”

அந்த அட்டை இன்று சித்தியின் நோட்டுக்குள்தான் இருக்கிறது. கடைசி வரியில் ‘அ’ அவன் கையெழுத்து. அதை ஒட்டி, கொஞ்சம் கோணலாக, ஒரு ‘வ’... அது அவளுடையது.