நிலைக்கு வராத தேர்

நெடுங்கரையில் பால் பாக்கெட் வாங்கியதும் செய்ய வேண்டிய அடுத்த வேலை தேர் இழுப்பது. பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டோ நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டோ தெருவுக்கு வந்து வடத்தில் கை வைக்க வேண்டும். முத்தாலம்மன் தேர் நான்கு முழம் நகரும். அவ்வளவுதான். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு அவரவர் பால் காய்ச்சப் போய்விடுவார்கள். அது பங்குனித் தேரோட்டம். தொடங்கிய பங்குனிக்குப் பிறகு ஏழு பங்குனி வந்து போய்விட்டது. தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. தேர் எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருவில் மின்கம்பியை அவிழ்த்துவிட வேண்டும். பனையோலை விசிறிதான் கதி. காப்புக் கட்டிய ஊர் என்பதால் அம்மனைக் கும்பிடுகிற வீடுகளில் மீன் இல்லை, கறி இல்லை. காப்புக் கட்டியபின் ஊருக்குள் கல்யாணமும் கூடாது. ஆகவே எல்லைக் கல்லுக்கு அப்பால் இருக்கும் மின்னேற்று நிலையத்தில், சார்ஜ் ஏறும் கார்களுக்கு நடுவே தாலி கட்டிக்கொண்டார்கள். சடங்கு முடிவதற்குள் மாப்பிள்ளையின் காரும் தயாராகிவிடும் என்பது ஒரு வசதி.

தேர்க் கமிட்டித் தலைவி உலகம்மாள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தினமும் வடத்தின் முனையில் நின்று முகங்களைப் பார்ப்பாள். அவள் தேடுவது இரண்டு முகங்களை. இடது வடத்தில் அவளுடைய இளைய மகன் செண்பகராஜ். வலது வடத்தில் பக்கத்து வீட்டுக் கொம்பையா. இருவரும் வேறு வேறு வடத்தில் இருக்கிறார்கள், இருவர் இடுப்பிலும் காவலி தூங்குகிறது என்று தெரிந்த பிறகுதான், "இழுங்க" என்பாள்.

காவலி என்றால் மெய்க்காவலி. தன்காப்புச் சட்டம் வந்தபோது பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் அரசு ஒன்று கொடுத்தது. அதைத் துப்பாக்கி என்று சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கையும் வந்தது. அது இடுப்பில் இல்லாவிட்டால் ரேஷன் கடை இயந்திரம் அரிசி போடாது. பிடியில் அச்சமானி என்றொரு சென்சார் உண்டு. உடையவனின் நாடியையும் வியர்வையையும் நடுக்கத்தையும் பார்த்து, அவன் மெய்யாகவே பயந்திருந்தால் மட்டும் காவலி விழிக்கும். விமான நிலைய அறிவிப்புக் குரலில் "நான் விழித்திருக்கிறேன்" என்று சொல்லும். மறுபடி உறங்கும்போது ஒன்றும் சொல்லாது. பிடியில் எரியும் சிவப்புப் புள்ளி அணையும். கோபத்தில் சுட முடியாது, போதையில் சுட முடியாது, ஆகவே இனி நாட்டில் கொலையே கிடையாது என்று சட்டமன்றத்தில் மேசையைத் தட்டினார்கள். பயந்தவன் சுட்டால்? அது கொலையில் சேராது. காவலியே நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்லும்.

உலகம்மாளின் மூத்த மகன் பால்பாண்டி ஒரு மழை நாளில் சாக்கடை அடைப்பெடுக்கக் கடப்பாரை இரவல் கேட்டுக் கொம்பையா வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் மடக்கிய குடை. கொம்பையாவோ அந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சியில் திருட்டுச் செய்தியாகப் பார்த்துத் தள்ளியிருந்தான். கதவைத் திறந்தான், குடையைப் பார்த்தான், காவலி விழித்தது. பயம் மெய்யானது என்று அது சாட்சி சொன்னது. நீதிபதி அதனிடம் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

கொம்பையாவை விடுவித்துத் தீர்ப்பு வந்த நாளில்தான் தேரோட்டம். அன்று ஊரில் எல்லாக் காவலிகளும் தூங்கிக்கொண்டிருந்தன. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கோ ஒரு கோயில் கொடையில் சாமி வந்து ஆடியவர்களின் நடுக்கத்தை அச்சமானி பயம் என்று எடுத்துக்கொள்ள, தேருக்கு முன்னால் நாற்பது காவலிகள் ஒரே சமயத்தில் விழித்துவிட்டன. அரசுக்கு அவற்றை விற்ற நிறுவனம் வெலவெலத்துப் போய், எல்லாக் காவலிகளிலும் திருவிழாப் பூட்டு ஒன்றைப் போட்டது. தேரின் அச்சில் ஒரு கருவி இருக்கும். தேர் தினம் கொஞ்சமாவது நகர்ந்தால் திருவிழா நடக்கிறது என்று அர்த்தம். சுற்றுவட்டாரத்தில் ஒரு காவலியும் விழிக்காது. தேர் நிலைக்கு வந்தால் பூட்டுத் திறக்கும்.

தேர் நிலைக்கு வர ஒரு தெரு பாக்கி இருந்தது. கூட்டத்தில் செண்பகராஜ் கொம்பையாவைத் தேடிக்கொண்டிருந்ததை உலகம்மாள் பார்த்தாள். கோபத்தில் காவலி விழிக்காது என்று அவளும் படித்திருந்தாள். சாமியாட்டத்தைப் பயம் என்று நினைத்த அச்சமானிக்கு, பிள்ளையின் கோபத்தைப் பயம் என்று நினைக்க எவ்வளவு நேரம் ஆகும்? போய்ச் சக்கரத்துக்கு முன்னால் படுத்துவிட்டாள். "இன்னைக்கு இது போதும். நாளைக்கு இழுப்போம்" என்றாள். அம்மன்தான் அவள் மேல் இறங்கிப் பேசுகிறாள் என்று ஊர் முடிவுகட்டியது. அவளும் மறுக்கவில்லை.

மறுநாள் நான்கு முழம் போதும் என்றாள். நிலையை நெருங்கியபோது, இன்னொரு சுற்றுப் போகலாம் என்றாள். இதற்குள் ஊருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அந்தோனியார் கோயில் பங்குச்சாமியார் சேவியர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வடம் பிடித்தார். தர்கா லெப்பை மீரான் ஜமாத்தையே கூட்டிவந்தார். உலகம்மாளும் அவர்கள் இருவரும் தலைநகருக்குப் போய்ச் சட்டத்தை நீக்கும்படி மனு கொடுத்தார்கள். "பயந்தால் கொல்லலாம் என்று பத்துக் கட்டளையில் விதிவிலக்கு எதுவும் இல்லை" என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். அதிகாரிகள் புள்ளிவிவரம் கேட்டார்கள். ஏழு வருடத்தில் நெடுங்கரையில் சுடப்பட்டவர் எவருமில்லை என்று மூவரும் காட்டினார்கள். ஊர் மிகச் சிறியது, கணக்கில் சேராது என்று பதில் வந்தது. பிறகு பக்கத்து ஊர்த் தேர்களும் நிலைக்கு வர மறுக்கத் தொடங்கியது மட்டும் கணக்கில் சேர்ந்துவிட்டது. தன்காப்புத் துணை ஆணையர் அனிருத்தன் இழுவை இயந்திரத்தோடும் காவலர்களோடும் வந்து இறங்கினார்.

"அம்மா, ஒரு திருவிழா எத்தனை வருஷம் நடக்கும்?"

"அது அம்மன் இஷ்டம், சார். அவ நிலைக்கு வர மாட்டேங்கா."

"தேரை இழுக்கிறது நீங்கதானே?"

"இழுக்கது நாங்க. வாரது அவ."

"குடிமக்களோட தன்காப்பு உரிமையை நீங்க பறிச்சு வச்சிருக்கீங்க."

"பறிகொடுத்தவன் எவனாச்சும் புகார் சொன்னானா?"

அனிருத்தன் இயந்திரத்தைக் காட்டினார். லெப்பை மெல்ல, "தம்பி, கோயில் தேரை டிராக்டர் மாதிரி ஒன்னு இழுத்தா எங்களுக்கே மனசு கேக்கல. அம்மன் என்ன நினைப்பா?" என்றார். சாமியார் இயந்திரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அவரை நான்கு காவலர்கள் நாற்காலியில் வைத்து மரியாதையாகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். பெண்கள் உட்கார்ந்தார்கள், அவர்களையும் அப்புறப்படுத்தினார்கள். சங்கிலி மாட்டப்பட்டது. ஏழு வருடம் முழம் முழமாக நகர்ந்த தேர், வெயில் ஏறுவதற்குள் ஒரே இழுப்பில் நிலையில் போய் நின்றது. சங்கிலியைக் கழற்றி, இயந்திரத்தை ஓரங்கட்டினார்கள்.

தெரு முழுக்க ஆட்கள். முதல் குரல் துணை ஆணையரின் இடுப்பிலிருந்து வந்தது.

"நான் விழித்திருக்கிறேன்."

அவர் முகம் வெளிறிவிட்டது. லெப்பை ஒரு செம்பை நீட்டினார். "தண்ணி குடிங்க தம்பி. இங்க யாரும் உங்கள ஒன்னும் செய்ய மாட்டாங்க."

உலகம்மாள் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கை காவலியின் பிடியில் இருந்தது. பிடியில் சிவப்புப் புள்ளி இல்லை. அவன் அதை அழுத்தினான், உதறினான். அது தூங்கிக்கொண்டே இருந்தது. அவனிடம் பயம் என்று ஒரு துளி இல்லை. அச்சமானி அதைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தது.

இரண்டாவது குரல் வலது வடத்தின் பக்கமிருந்து வந்தது. கொம்பையாவின் இடுப்பு.

"நான் விழித்திருக்கிறேன்."

உலகம்மாள் ஏழு வருடமாகத் தப்பான பிள்ளைக்குக் காவல் இருந்திருக்கிறாள். மகன் சுடுவான் என்று பயந்தாள். சுடப்போவது கொம்பையா. அவனைத் தேடி ஒருவன் வருகிறான், கொம்பையா நடுங்குகிறான், காவலி விழித்திருக்கிறது. நாளைக்கு அது மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போய் உண்மையைத்தான் சொல்லும்.

"லேய் செண்பகம், அங்கனயே நில்லு."

"எம்மா, நீ தள்ளு."

"நில்லுங்கேன்ல. உன் துப்பாக்கி தூங்குது. அவனுது தூங்கல. கண்ணு தெரியலையா?"

அவன் நின்றான். உலகம்மாள் கொம்பையாவிடம் நடந்தாள். பால்பாண்டி இறந்த நாளிலிருந்து அவள் அவனோடு பேசியதில்லை. அவன் காவலியைப் பிடிக்காமல் இரு கைகளையும் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மயினி, கிட்ட வராதீங்க. இது என் பேச்சைக் கேக்காது. நான் வேணும்னு செய்யல மயினி, அன்னைக்கும்..."

"அன்னைக்கு உள்ளத இப்பப் பேசாத. வடத்தப் பிடி."

"கை நடுங்குது."

"எனக்குந்தான் நடுங்குது. ரெண்டு கையாலயும் பிடி."

அவன் தோளைப் பிடித்து இடது வடத்துக்குக் கூட்டிவந்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். "நீ இங்க வா. இவனுக்கு முன்னால நின்னு பிடி."

"முன்னாலயா?"

"ஆமா. முதுகு காட்டி."

"அண்ணனைக் கொன்னவனுக்கு முதுகு காட்டச் சொல்லுதியா நீ?"

"ஆமால. அவன் பயம் போகணும்னா வேற வழி எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

செண்பகராஜ் தாயை முறைத்தான். தெருவே அவனைப் பார்த்தது. "இவன நான் மன்னிக்கல" என்றான்.

"உன்ன யாருல மன்னிக்கச் சொன்னா? தேர இழுக்கச் சொன்னேன்."

அவன் வந்தான். கொம்பையாவுக்கு முன்னால் நின்று, பிடரி தெரியக் குனிந்து வடத்தைப் பிடித்தான். உலகம்மாள் இருவருக்கும் பக்கத்தில் நின்று கை வைத்தாள். சாமியார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். லெப்பை செம்பைத் துணை ஆணையரின் கையிலேயே விட்டுவிட்டு வந்தார். பெண்கள் வந்தார்கள். வலது வடமும் நிறைந்தது. தேர் வடத்தை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது; காவலியில் கை வைத்திருந்தவர்கள் எல்லோரும் கையை எடுக்க வேண்டியதாயிற்று.

"இது அனுமதியில்லாத திருவிழா" என்றார் அனிருத்தன், செம்பைப் பிடித்துக்கொண்டு. "எல்லார் மேலயும் வழக்குப் போடுவேன்."

"போடுங்க சார். பேரு உலகம்மாள். தகப்பனார் பேரும் சொல்லட்டுமா?"

வடம் விறைத்தது. கொம்பையாவின் மூச்சு செண்பகராஜின் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. சக்கரம் இன்னும் அசையவில்லை. உலகம்மாள் ஓரக்கண்ணால் கொம்பையாவின் இடுப்பைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி ஒரு தடவை துடித்து அணைந்தது. அதற்குப் பிறகுதான் தேர் கிரீச்சிட்டு நிலையை விட்டு நகர்ந்தது.

பூட்டு விழுவதற்கு முன்பே கொம்பையாவின் காவலி உறங்கிவிட்டது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பின்னே தேர் எதற்கு என்று துணை ஆணையர் கேட்பார். எல்லோரையும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நிற்கவைக்க நெடுங்கரைக்கு இன்னும் எத்தனை பங்குனி ஆகுமோ, அதுவரை அம்மனே பார்த்துக்கொள்ளட்டும்.

நான்கு முழம் முடிந்ததும் கட்டைக்காரன் கட்டையோடு சக்கரத்தருகே ஓடிவந்தான்.

"கட்டை போடாத" என்றாள் உலகம்மாள். "இன்னைக்கு நாலு தெருவும் சுத்தட்டும்."

கொம்பையா கையை எடுக்கவில்லை. செண்பகராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. தேர் வடக்குத் தெருவில் திரும்பியது.